ஃப்ரைட் ரைஸுக்கு இரும்பு வாணலியா, நான்ஸ்டிக்கா?

உணவகத்தில் ஒரு முறை சாப்பிட்ட ஃப்ரைட் ரைஸ் நாக்கிலேயே தங்கிவிட்டது. சோறு உதிரி உதிரியாக, மெலிதான புகை மணத்தோடு இருந்தது. அதை வீட்டில் கொண்டுவர ஒரு வருடம் நான்ஸ்டிக் கடாயோடு போராடிவிட்டு, மெல்லிய இரும்பு வாணலிக்கு மாறினேன். இப்போது எட்டு மாதம் ஆகிறது, திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

நான்ஸ்டிக்கின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரியும்: ஒட்டாது, எண்ணெய் குறைவு, கழுவுவது சுலபம். முட்டைக்கு நானே இன்றும் அதைத்தான் எடுக்கிறேன். பழைய குளிர்ந்த சோறு, ஒரு தடவைக்கு இரண்டு பேர் அளவு மட்டும் என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது.

வித்தியாசம் சூட்டில்தான். சோற்றின் மேல் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. சிவந்து மணம் வர ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். ஆகவே ஈரம் நொடியில் பறந்துபோகும்படி, சோறு விழுவதற்கு முன்பே பாத்திரம் புகையும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெட ஆரம்பிக்கும். பெரிய தீயில் வெறுமனே வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்த அளவு வந்துவிடும். அதனால் தீயைக் குறைத்தே வைத்தேன், சோறு வறுபடாமல் ஆவியில் வெந்தது. இரும்புக்கு அந்தப் பயம் கிடையாது.

சரி, இரும்பைப் பராமரிக்க முடியுமா? வாங்கும் முன் என்னைத் தயங்க வைத்தது இதுதான். புது வாணலியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, நீலம் பாயும்வரை காயவைத்து, எண்ணெயைத் துணியால் மிக மெல்லிதாகப் பூசிப் புகைய விட வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் எண்ணெய் இறுகிக் கறுத்த படலமாகிவிடும். முதல் தடவை எண்ணெயை அதிகமாகப் பூசிவிட்டேன், பிசின் மாதிரி ஒட்டியது. சுரண்டிவிட்டு மறுபடி பழக்கினேன். அப்புறம் தினசரி வேலை மூன்று நிமிடம்தான்: சூடு ஆறுவதற்குள் வெந்நீர் விட்டுத் தேய்ப்பது, அடுப்பிலேயே வைத்து ஈரம் போக்குவது, ஒரு சொட்டு எண்ணெய் தடவுவது. ஒரு ராத்திரி தொட்டியில் ஊறவிட்டுவிட்டேன், காலையில் துரு. தேய்த்துப் பழக்கியதும் பழையபடி ஆகிவிட்டது. என் நான்ஸ்டிக் கடாயோ பூச்சு கீறியதும் குப்பைக்குத்தான் போனது. என்னை முடிவெடுக்க வைத்தது இந்த ஒரு விஷயம். தக்காளி, புளி, வினிகர் போட்டுக் கொதிக்க வைக்கும் சமையலை மட்டும் இதில் செய்யாதீர்கள், படலம் கரைந்துவிடும்.

என்னுடையது கேஸ் அடுப்பு. இண்டக்ஷனில் ஒரே ஒரு தடவை, நண்பர் வீட்டில் வைத்துப் பார்த்தேன். குழிந்த அடிப்பாகம் சரியாகச் சூடாகவில்லை. இண்டக்ஷன் வைத்திருப்பவர்கள் தட்டையான அடி உள்ளதைப் பாருங்கள், அதில் நான் சமைத்ததில்லை.

உணவகத்து அடுப்பின் வேகம் வீட்டில் வராது. அந்தப் புகை மணம் முக்கால்வாசி வந்திருக்கிறது. அதுவும் வாணலி நன்றாகக் காய்ந்துவிட்ட இரண்டாவது ஈட்டில்தான் தூக்கலாக இருக்கிறது.