இடுப்பு மூட்டு மாற்றி ஆறு வருஷம்: எது திரும்பியது, எதை மாற்றிக்கொண்டேன்

மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, 54 வயதில், எனக்கு இடது இடுப்பு மூட்டை முழுவதுமாக மாற்றினார்கள். தோல் நோய்க்காக நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையால், தொடை எலும்பின் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, அது உள்ளுக்குள்ளேயே செத்து நொறுங்கியிருந்தது. நம் ஊரில் நாற்பது வயதுக்காரர்கள்கூட இந்த ஆபரேஷனுக்கு வருகிறார்கள் என்றால், பெரும்பாலும் இந்தப் பிரச்சினைதான். ஸ்டீராய்டு இல்லையென்றால் பல சமயம் குடி காரணமாக இருக்கும்.

மூட்டு மாற்றப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வலி போகுமா என்றுதான். எனக்குப் போனது. தொடை இடுக்கில் ஆரம்பித்து முழங்கால் வரை இறங்கி, ராத்திரி புரளவிடாமல் செய்த அந்த வலி ஆபரேஷனுக்குப் பிறகு வரவில்லை. தையல் வலி கொஞ்ச நாள் இருந்தது, அது வேறு மாதிரி. ஆனால் வலி போனதும் பழைய வாழ்க்கை தானாக வந்துவிடாது. நம் வீடுகளில் பாதி வேலை தரையில்தான் நடக்கிறது. குனிவது, குத்தவைப்பது, சம்மணம் போடுவது எல்லாம் இடுப்பை மடக்கும் வேலைகள்.

எனக்குப் பின்பக்கமாகத் திறந்து செய்தார்கள். அப்படிச் செய்தால் முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது என்பார்கள். மீறினால் பந்து, அது உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தைவிட்டு நழுவிவிடலாம். முன்பக்கமாகச் செய்தால் தடைகள் வேறு: காலை ரொம்பப் பின்னால் கொண்டுபோகக் கூடாது, வெளிப்பக்கம் திருப்பக் கூடாது. அதனால் உங்களுக்கு எந்தப் பக்கம் வழியாகச் செய்யப்போகிறார்கள் என்று முதலிலேயே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் தாழ்வான சோபா வேண்டாம், வெஸ்டர்ன் கமோடு வேண்டும் என்றெல்லாம் இருந்தது. வாளியைப் பற்றி ஒரு வரி இல்லை. வாளியும் கப்பும் வைத்துக் குளிக்கிறவர்களுக்கு ஆபத்து அங்கேதான். சின்ன முக்காலியில் உட்கார்ந்து தரையில் இருக்கும் வாளியில் மொண்டால், 90 டிகிரி எப்போதோ தாண்டிவிடும். நாங்கள் உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல் இரண்டு வாங்கினோம். ஒன்றில் நான், இன்னொன்றில் வாளி. சுவரில் கைப்பிடி அடித்தோம். கமோடு மேல் வைக்கிற உயர இருக்கையை ஆபரேஷனுக்கு முன்னாலேயே வாங்கி, உட்கார்ந்து எழுந்து பழகினேன். கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தலையணை.

அடுப்படியில் எனக்கு எதிரி சிலிண்டர். மேடைக்குக் கீழே, உள்ளே தள்ளி வைத்திருப்போம். ரெகுலேட்டரை மூட மடங்கி உட்கார வேண்டும். அந்த வேலை வீட்டுக்காரருக்குப் போனது. கீழ்த்தட்டில் இருந்த அரிசி டப்பா, குக்கர், தோசைக்கல் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏறின. அரிவாள்மனை பரணுக்குப் போய்விட்டது, கத்திதான். கால் நகம் வெட்ட மட்டும் ரொம்ப மாதங்கள் இன்னொருவர் கையை எதிர்பார்த்தேன். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இனி நடைக்கு வருகிறேன். நான் இதை எழுதுவதே இதற்காகத்தான். மூட்டு புதிது, ஆனால் அதை ஆட்டுகிற தசை பழையது. வலிக்குப் பயந்து வருஷக்கணக்கில் காலை ஊன்றாமல் நடந்ததில் இடுப்பின் பக்கவாட்டுத் தசை மெலிந்திருந்தது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைச் சாயாமல் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைதான். அது பலமில்லாவிட்டால் வலியே இல்லாமல் நொண்டுவோம். பிசியோதெரபிக்கு வந்த பெண் முதல் நாளே சொன்னாள், "டீச்சர், வலி போயிருச்சேன்னு பயிற்சிய விட்டுறாதீங்க. நிறையப் பேரு அங்கதான் விடுறாங்க." வாக்கரைவிட்டுக் கைக்கம்புக்கு வந்த பிறகும் கண்ணாடியில் பார்த்தால் உடம்பு ஒரு பக்கம் சாய்வது தெரிந்தது. அடுப்படி மேடையைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குவது, படுத்து இடுப்பை உயர்த்துவது, மாடிப்படியில் ஒரு படி ஏறி இறங்குவது, இப்படியே ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்டத் தொடர்ந்தேன். அப்புறம்தான் சாய்வு போனது. ஆரம்பத்தில் ஆபரேஷன் கால் நீளமாகிவிட்டதுபோலவும் தோன்றியது. அளந்து பார்த்ததில் வித்தியாசம் இல்லை, இறுகியிருந்த தசை இளகியதும் அந்த உணர்வும் போய்விட்டது.

கைக்கம்பை எந்தக் கையில் பிடிப்பது என்று எங்கள் வீட்டில் ஒரு விவாதமே நடந்தது. "வலிக்கிற பக்கந்தானே முட்டு வேணும்?" என்றார் அத்தை. எதிர்ப்பக்கம்தான் பிடிக்க வேண்டும். இடது கால் என்றால் வலது கை. அப்போதுதான் அந்த இடுப்பில் விழும் பாரம் குறையும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கம்பும் ஆபரேஷன் காலும் முதலில்.

பள்ளிக்கு மூன்றாவது மாதம் திரும்பினேன். தலைமையாசிரியை என் வகுப்புகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார், அந்த உதவியை மறக்க மாட்டேன். டவுன் பஸ்ஸின் முதல் படி உயரம்தான் சிரமம். இரண்டு கையாலும் பிடித்து, நல்ல காலை வைத்து ஏறுவேன். டிரைவர் அவசரப்படுத்துகிற வண்டியென்றால் அடுத்ததற்கு நிற்பேன். பைக்கின் பின்னால் சேலையோடு ஒருக்களித்து உட்காருவதை அடியோடு நிறுத்திவிட்டேன். இடுப்பு திருகிய நிலையில் பள்ளத்தில் வண்டி குதித்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயம்.

மீனாட்சியம்மன் கோயிலை இப்போது முழுதாகச் சுற்றி வருகிறேன். நிலைப்படி தாண்டும்போது மட்டும் கவனம். விழுந்து கும்பிடுவதில்லை, நின்றே கும்பிடுகிறேன். பழனிக்கு வின்ச்சில் போய் வந்தேன். துக்க வீட்டில் எல்லோரும் தரையில் இருக்கும்போது நாற்காலி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேட்டுவிடுங்கள்.

தரையில் உட்காரலாமா? டாக்டருக்கு டாக்டர் பதில் மாறும். எனக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு, அவசியமென்றால் மட்டும் என்று அனுமதித்தார். உறுதியான நாற்காலியைப் பிடித்து, ஆபரேஷன் காலைப் பின்னால் நகர்த்தி, அந்த முழங்காலைத் தரையில் ஊன்றி இறங்குவேன். எழுந்திருக்கும்போது முன்னால் இருக்கும் நல்ல கால்தான் பாரத்தைத் தூக்கும். குத்தவைப்பதும் சம்மணமும் எனக்கு இல்லை. மார்கழியில் கோலம் போடும் ஆசை இருக்கிறது, வாசலில் மகள் போடுகிறாள்.

எத்தனை வருஷம் வரும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. என் மூட்டில் பந்து செராமிக், கிண்ணத்தின் உள் அடுக்கு பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கா என்று பதறினேன். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற சர்ஜன் முதலில் டெஃப்லான் வைத்துப் பார்த்து, அது வேகமாகத் தேய்ந்ததால் 1962ல் பாலிஎத்திலீனுக்கு மாறினாராம். இன்றைய மூட்டுகள் அந்த வழியில் வந்தவைதான். 2019ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 வருஷம் தாக்குப்பிடிக்கும் என்று கணக்கிட்டது. தேய்மானத்தை நினைத்து ஓடுவது, குதிப்பது எதுவும் வைத்துக்கொள்வதில்லை. நடை தினமும் உண்டு.

பல் டாக்டரிடம் போனால் மூட்டு மாற்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் நகத்தில் சீழ், சிறுநீர்த் தொற்று எதையும் கைவைத்தியத்தில் இழுப்பதில்லை, கிருமி ரத்தம் வழியாக மூட்டில் போய் உட்காரலாம். விமான நிலையத்தில் கருவி கத்தும், சொன்னால் தனியாகச் சோதித்து அனுப்புவார்கள். டாக்டர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுகிறேன், வலி இல்லாவிட்டாலும். தேய்மானமும், மூட்டு எலும்பில் பிடிப்பு தளர்வதும் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்தான் தெரியுமாம். தொடையிலோ இடுக்கிலோ புதிதாக வலி வந்தால் அந்த வாரமே போய்விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.