அரிசி மூட்டையா, பணமா, விதையா? பெகு பக்கத்து நிவாரணக் கணக்கு

சண்டைக்குப் பயந்து ஓடிவந்து, இப்போது மெல்ல நிலத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் பர்மாவின் பெகு வட்டாரத்தில் நிறைய. அவர்களுக்கென்று எங்கள் கோயில் கமிட்டியிடம் சேர்ந்த பணத்தை மூன்று விதமாகச் செலவழித்திருக்கலாம்: அரிசி மூட்டை, கையில் ரொக்கம், அல்லது விதை. நாங்கள் விதைக்குப் போனோம், கூடவே ஒரு பங்கு அரிசியும் வைத்தோம். ரங்கூனிலும் மோல்மேனிலும் இருக்கும் மற்ற கமிட்டிக்காரர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். இந்த வருடம் அவர்களும் இதையேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அரிசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அடுப்பு எரியாத வீட்டுக்கு அதுதான் முதலில். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 50 கிலோ மூட்டை 25 நாள் வரும். அப்புறம் அடுத்த மூட்டை. லாரி வாடகையும் வழியெங்கும் கேட்டில் (சோதனைச் சாவடியில்) நின்று பதில் சொல்வதும் ஒவ்வொரு தடவையும் உண்டு. பெரிய நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியவில்லை. பணம் போதாததால் ஏப்ரல் முதல் பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உணவு உதவி நிற்கும் என்று உலக உணவுத் திட்டம் 2025 மார்ச்சில் அறிவித்தது. அதே மார்ச் 28ஆம் தேதி சகாயிங்கில் 7.7 அளவில் பூமி அதிர்ந்தது. எங்கள் பக்கம் வர இருந்த நன்கொடையும் மண்டலேக்குத் திரும்பியது. அதில் தப்பில்லை, அங்கே தேவை அப்படி.

ரொக்கத்துக்கு நான் எதிரி இல்லை. கடை திறந்திருக்கிற ஊரில் பணம் கொடுப்பதுதான் மரியாதை. மருந்து வாங்குவதா, பள்ளிக்கூடத்துக்குக் கட்டுவதா, அரிசி வாங்குவதா என்பதை அந்த வீட்டம்மாவே முடிவு செய்துகொள்வார். ஆனால் 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வங்கியில் பணம் எடுக்கப் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. கைப்பேசியில் வந்த பணத்தை நோட்டாக மாற்ற ஏஜென்டுக்குக் கமிஷன் அழ வேண்டியிருந்தது. இணைப்பே துண்டிக்கப்பட்ட ஊர்களில் அதுவும் முடியாது. 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 1,330 கியாட். 2024இல் வெளிச்சந்தையில் 4,000ஐத் தாண்டிவிட்டது. இப்படிச் சரியும்போது இன்றைக்குத் திட்டம் போட்டு அடுத்த மாதம் கொடுக்கிற தொகை பாதி வழியிலேயே கரைந்துபோகிறது.

சரி, விதைக்கு வருவோம். கீழ்ப் பர்மாவில் மழைக்கால நெல்லை நவம்பர், டிசம்பரில் அறுத்த கையோடு அந்த ஈரத்திலேயே உளுந்தோ பச்சைப்பயறோ விதைப்பார்கள். தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், பெரிதாக உரமும் வேண்டாம். பயறுச் செடியின் வேர் முடிச்சே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். இது சின்ன விஷயம் இல்லை. யூரியா வெடிமருந்துக்கும் ஆகும் என்பதால் அதை ஏற்றிக்கொண்டு கேட் தாண்டுவது பெரிய தலைவலி. நெல்லுக்கு நான்கைந்து மாதம் காத்திருக்க வேண்டும், உளுந்து மூன்று மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். பெரும்பகுதியை இந்தியா வாங்குகிறது. மாசி, பங்குனியில் அந்த வீட்டில் சொந்தக் காசு புரளும். அடுத்த ஆனி, ஆடியில் நெல் விதைக்கக் கடன்காரரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

எல்லாம் சரிதான், ஆனால் விதையின் மதிப்பு முழுக்க அது வந்து சேரும் தேதியில் இருக்கிறது. அரிசி பத்து நாள் தாமதமானால் கஷ்டம், ஆனாலும் அரிசி அரிசிதான். உளுந்து விதை பத்து நாள் தாமதமானால் நிலம் காய்ந்து வெடிப்பு விட்டுவிடும். டைக்கூ பக்கத்தில் ஒரு பாட்டி இதை நேராகவே கேட்டார்: “விதை குடுக்கிறது அப்புறம் இருக்கட்டும் தம்பி, என்னைக்கு வரும்னு மட்டும் சரியா சொல்லுங்க. அறுப்பு ஈரம் உங்களுக்காகக் காத்திருக்காது.”

காலம் தவறிய விதை வீணாவதோடு நிற்பதில்லை, ஆளையும் கொல்லும். 1971இல் ஈராக்குக்கு மெக்சிகோவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் விதைத் தானியம் வந்தது. பூஞ்சைக்காக மீத்தைல் பாதரசம் பூசி, தின்னக்கூடாது என்று காட்டச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மூட்டையில் எச்சரிக்கை ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பல கிராமங்களுக்கு அது போய்ச் சேர்ந்தபோது விதைப்பு முடிந்திருந்தது. வீட்டில் பசி. சாயத்தைக் கழுவினால் போதும் என்று நினைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். 6,530 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், அங்கே மட்டும் 459 பேர் இறந்தார்கள். இதைப் படித்த பிறகு, மருந்து பூசிய விதை நம் கையால் போகக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதனால்தான் அரிசியும் விதையும் தனித்தனி ஆள் கையில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாளில் போகக்கூடாது என்கிறேன். பசித்த வீட்டில் விதை உளுந்து குழம்பாகிவிடும். அதற்காக அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. முதலில் அரிசி இறங்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் விதை இறங்க வேண்டும். விதைத்ததிலிருந்து அறுக்கும்வரை ஐந்து பேருக்குக் குறைந்தது மூன்று மூட்டை வேண்டும். மூன்றும் எங்களால் முடியாது. அதனால் பக்கத்து மடத்துக்காரர்களோடும் சர்ச்சுக்காரர்களோடும் உட்கார்ந்து, யார் எந்த ஊருக்கு எந்தத் தேதியில் என்ன கொடுக்கிறார்கள் என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டோம். உலக அளவில் இந்த வேலைக்கென்றே 2011இல் உணவுப் பாதுகாப்புக் கிளஸ்டர் என்று ஒன்று அமைத்தார்கள். உலக உணவுத் திட்டமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அதை நடத்துகின்றன. அங்கேயும் அடிப்படை, யார், என்ன, எங்கே, எப்போது, யாருக்கு என்ற பட்டியல்தான். எங்கள் தாளில் ‘எப்போது’ என்ற கட்டத்தை முதலில் நிரப்பினோம், மற்றதெல்லாம் அதிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு.

விதை எங்கே வாங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். ரங்கூனின் பயின்னாங் மொத்தச் சந்தையில் உளுந்து மலைபோல் கிடக்கும், ஆனால் அது ஏற்றுமதிக்கும் சமையலுக்கும் உள்ள சரக்கு, முளைக்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பக்கத்து ஊர் விவசாயி போன பங்குனியில் தனியாக எடுத்து, சாம்பலும் வேப்பிலையும் போட்டு வண்டு விழாமல் வைத்திருப்பதுதான் விதை. அதையும் அப்படியே நம்பி வாங்க வேண்டாம். ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று கைவிட்டு எடுத்து, நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வையுங்கள். நாலாம் நாள் விரித்து முளைவிட்டதை எண்ணுங்கள். எண்பதுக்குக் கீழே போனால் எங்கள் கமிட்டி வாங்காது. சும்மா கொடுப்பதுதானே என்று ஒருவர் சொன்னார். மோசமான விதையைச் சும்மா கொடுத்தால் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டமாவது ஒரு வருடம்.

நான் சொல்வது பெகு, மோன் பக்கத்து வயல்காட்டுக்கு. மலையில் தவுங்யா வெட்டி, அதாவது காட்டை வெட்டி எரித்து, விதைப்பவர்களின் காலமும் வேறு, விதையும் வேறு. அதை அங்கே உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும். 2012 முதல் ராக்கைன் மாநிலத்துச் சிட்வே முகாம்களில் அடைபட்டுக் கிடக்கும் ரோஹிங்யாக்களுக்கு நிலமே இல்லை, அவர்களிடம் விதையை நீட்டுவதில் அர்த்தமில்லை. கண்ணிவெடி புதைந்த வயல் என்று சந்தேகம் இருந்தாலும் விதை கொடுக்காதீர்கள். 2023இல் கண்ணிவெடியால் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் உலகிலேயே அதிகம் இருந்தது பர்மாவில், ஆயிரத்துக்கும் மேல். கையில் விதை இருந்தால் எந்த விவசாயியும் வயலில் இறங்காமல் இருக்கமாட்டார். அந்த ஊர்களுக்கு அரிசியும் பணமும்தான்.

விலை விஷயத்திலும் நிச்சயம் கிடையாது. 2017இல் இந்தியா உளுந்து, துவரை இறக்குமதிக்கு வரம்பு போட்டதும் இங்கே விலை படுத்துவிட்டது. மறுபடி அப்படி நடக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் விற்காத உளுந்தைச் சாப்பிடலாம், அடுத்த விதைக்கு வைக்கலாம்.

எங்களுக்குள் இன்னும் தீராத பேச்சு ஒன்று இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு கொடுத்த அளவுக்கு விதையைத் திருப்பி வாங்கி, அடுத்த ஊருக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். அளவில் எனக்கும் ஆசைதான், ஒரு வருட விதை இரண்டு ஊருக்கு ஆகும். ஆனால் முதல் விளைச்சலிலேயே கை நீட்டினால் அது கடன் மாதிரி ஆகிவிடும். இரண்டாம் விளைச்சலில், முடிந்தவர்களிடம் மட்டும் கேட்கலாம் என்பது என் பக்கம். தை மாதக் கூட்டத்தில் முடிவாகும்.