தொடர்வதா, மாறுவதா, முதலாண்டிலிருந்தா? பல்கலைக்கழகம் மாற நினைப்பவருக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

படிக்கும் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு இன்னொன்றில் சேரலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாக ஒரு தாளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். இடப்பக்கம் இப்போதைய பெயர், வலப்பக்கம் போக நினைக்கும் பெயர். கீழே தரவரிசை, ஆசிரியர்கள், விடுதி, வேலைவாய்ப்பு என்று நிரப்புகிறார்கள். ஏறக்குறைய எப்போதும் வலப்பக்கமே ஜெயிக்கிறது. குடியிருந்து பார்க்காத வீட்டில் ஒழுகல் தெரியாது.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மாதிரிப் பிரிக்கலாம். எதிரே இருப்பவை நான்கு வழிகள். இருக்கும் இடத்திலேயே படித்து முடிப்பது ஒன்று. சேர்த்த கிரெடிட்களை, அதாவது முடித்த பாடங்களுக்குக் கணக்கில் ஏறிய அலகுகளை, எடுத்துக்கொண்டு நடுவில் வேறிடம் மாறுவது இரண்டாவது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறிடத்தில் முதலாண்டில் சேர்வது மூன்றாவது. இங்கே பட்டத்தை வாங்கிக்கொண்டு முதுகலைக்கு மட்டும் இடம் மாறுவது நான்காவது; குழப்பத்தில் இருப்பவர்கள் கண்ணில் படாமலே போவது இதுதான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படிக்கும் துறையே மாறுகிறது என்றால் முதலாண்டிலிருந்து தொடங்குவதில் முழு நியாயம் உண்டு. துறை அதேதான், வாசலில் இருக்கும் பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறது என்றால், முதலாண்டுக்குத் திரும்புவது பெரும்பாலும் நட்டக் கணக்கு.

முதலில் காலம். "ஏற்கெனவே இரண்டு வருடம் போட்டாயிற்றே" என்ற வாதத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். போன இரண்டு வருடம் எந்த வழியில் போனாலும் திரும்பி வராது. போட்ட பணத்துக்காகவே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் இந்தப் பழக்கத்தை ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் 1985இல் நாடக டிக்கெட்டை வைத்துக் காட்டினார்கள். ஒரே நாடகப் பருவத்துக்குச் சிலருக்கு முழு விலையிலும் சிலருக்குத் தள்ளுபடியிலும் டிக்கெட் விற்கப்பட்டது. முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் கூடுதலான நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆகவே இன்றிலிருந்து பட்டம் கைக்கு வரும் நாள் வரை மட்டும் எண்ணுங்கள். மூன்றாண்டுப் படிப்பில் ஓராண்டு முடித்தவருக்குத் தொடர்ந்தால் இரண்டு ஆண்டு, முதலிலிருந்து தொடங்கினால் மூன்று. வித்தியாசம் ஓராண்டு, அடுத்த சேர்க்கைக்காகச் சும்மா காத்திருக்கும் மாதங்கள் தனி. நான்காண்டுப் படிப்பில் மூன்றாண்டு முடித்தவருக்கோ ஒன்றுக்கு எதிராக நான்கு. முதலாமவரிடம் யாராவது "பைத்தியக்காரத்தனம்" என்று சொன்னால் அது மிகை. இரண்டாமவரிடம் சொன்னால் உட்கார்ந்து கேட்கலாம்.

நடுவில் மாறும் இரண்டாவது வழி, காகிதத்தில் பார்த்தால் இரண்டு பக்கத்து லாபத்தையும் தருவதுபோல இருக்கும். இடமும் மாறுகிறது, காலமும் போகவில்லை. நடைமுறையில் இங்கேதான் அடி விழுகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்களில் 43 விழுக்காட்டை இழந்தார்கள். கல்லூரிகளுக்கிடையே மாறுவது அன்றாடக் காரியமாக இருக்கும் ஒரு நாட்டின் நிலை இது.

ஏன் இழக்கிறார்கள்? கிரெடிட்டை "ஏற்றுக்கொள்வது" வேறு, அதைப் "பட்டத்துக்குக் கணக்கிடுவது" வேறு. புதிய பல்கலைக்கழகம் உங்கள் அறுபது கிரெடிட்களையும் ஏற்கிறோம் என்று கடிதம் கொடுக்கலாம். அவற்றில் இருபது மட்டும் கட்டாயப் பாடங்களுக்கு ஈடாகும். மிச்சம் நாற்பது விருப்பப் பாடம் என்ற பெயரில் மதிப்பெண் பட்டியலில் அழகாக உட்கார்ந்திருக்கும். விருப்பப் பாடத்துக்குப் பட்டத்தில் பத்து கிரெடிட்தான் இடம் என்றால் முப்பது வீண். எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள் என்று கேட்பதைவிட, பட்டம் பெற இன்னும் எந்தெந்தப் பாடங்களை நான் எழுத வேண்டும் என்று கேட்பதே சரியான கேள்வி. பதில் பாடப் பெயர்களோடு எழுத்தில் வர வேண்டும். சேர்க்கைப் பிரிவில் இருப்பவர் தொலைபேசியில் சொல்லும் "பார்த்துக்கொள்ளலாம்" எந்தத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரையும் கட்டுப்படுத்தாது.

இன்னொரு கண்ணி, பாடங்களின் வரிசை. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்ற சங்கிலியில் முதல் பாடம் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடத்தப்பட்டால், அந்த ஒரே பாடம் ஏற்கப்படாமல் போவது முழு ஆண்டைத் தின்றுவிடும். கிரெடிட் கணக்கில் நான்கோ ஐந்தோதான் இழப்பு என்று தெரியும். நாள்காட்டியில் அது பன்னிரண்டு மாதம்.

எந்த நாட்டு விதிக்குள் மாறுகிறோம் என்பதும் விடையை மாற்றும். ஐரோப்பாவில் நாடுகளின் பட்டப்படிப்பு முறைகளை ஒத்துப்போக வைக்க 1999இல் தொடங்கிய போலோன்யா நடைமுறையும், முழுநேரப் படிப்பின் ஓராண்டுக்கு 60 கிரெடிட் என்ற பொது அளவும் ஒப்பிடுவதை எளிதாக்கியுள்ளன. கல்வித் தகுதிகளை நாடுகள் அங்கீகரிப்பது பற்றிய 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் ஒப்பந்தம், கணிசமான வேறுபாடு இருப்பதாகக் காட்ட முடிந்தாலன்றி முன்பு படித்த காலத்தை அங்கீகரிக்க வேண்டும் என்கிறது. வேறுபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு மாணவர் தலையில் இல்லை. இந்தியாவில் 2021இன் விதிமுறைகளோடு வந்த கிரெடிட் வங்கி, சேர்த்த கிரெடிட்டை ஏழு ஆண்டு வரை பாதுகாக்கிறது. ஆனால் பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதியையாவது பெற்றிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை ஏதோ ஒரு அளவில் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் இருக்கிறது. தன் முத்திரையைக் குத்தும் பல்கலைக்கழகம், தன்னிடமும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். கடைசி ஆண்டில் மாறுவது பெரும்பாலும் முடியாமல் போவதற்கும் அதுவே காரணம்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். பல இடங்களில் கிரெடிட் கூடவே வரும், கிரேடு வராது. சராசரி மதிப்பு வெற்றுப் பலகையிலிருந்து தொடங்கும். முதலாண்டில் சறுக்கியவருக்கு இது வரம். நன்றாக வாங்கியவருக்குக் கையில் இருந்ததைத் தட்டிவிடுவது. அரியர்கள் மறைந்துவிடும் என்று நம்பி மாறுபவர்களும் உண்டு. மறையாது. முன்பு படித்த எல்லா இடங்களின் மதிப்பெண் பட்டியலையும் விண்ணப்பத்தில் கேட்பார்கள், முதலாண்டில் சேர்ந்தாலும் கேட்பார்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் சேர்க்கையையே ரத்துசெய்ய விதிகள் உண்டு. புதிய இடத்து முதல் செமஸ்டரில் மதிப்பெண் சற்று இறங்குவதும் பழைய செய்தி. ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் 1965இலேயே இதை "மாற்ற அதிர்ச்சி" என்று குறிப்பிட்டார். பெரும்பாலோர் பிறகு மீண்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு செமஸ்டர் சரிந்தாலும் நின்றுபோகும் உதவித்தொகையை நம்பிப் போகிறவர்தான் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

இதுவரை சொன்னது கணக்கு. கணக்கை ஓரம் வைத்துவிட்டு, எதை விட்டு ஓடுகிறோம் என்று பார்த்தால் நான்கு வழிகளும் வேறு வெளிச்சத்தில் தெரியும்.

சார்லஸ் டார்வின் 1825இல் எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். மயக்கமருந்து இல்லாத காலத்து அறுவைச் சிகிச்சைகளை அவரால் பார்க்க முடியவில்லை. 1827இல் பட்டமில்லாமல் வெளியேறி, 1828 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் புதிதாக ஆரம்பித்து, 1831இல் பட்டம் பெற்றார். துறையே ஒவ்வாதபோது முதலிலிருந்து தொடங்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எந்தச் சான்றிதழிலும் ஏறாத ஒன்றும் இதில் இருக்கிறது: எடின்பரோவில் அவர் விலங்கியலாளர் ராபர்ட் கிராண்ட்டுடன் கடல் உயிரிகளை ஆராய்ந்தார், பறவைகளைப் பாடம்செய்யக் கற்றார். கிரெடிட்டாக ஒன்றும் மாறவில்லை, கையோடு எல்லாம் வந்தன. கேம்பிரிட்ஜுக்கு அவர் போனதும் பாதிரியார் ஆவதற்குத்தான் என்பது வேறு விஷயம்.

ராமானுஜன் கதை நேர் எதிர். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதம் தவிர மற்றவற்றைக் கண்டுகொள்ளாததால் உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். அங்கும் பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் கணிதத்தில் வெளுத்து வாங்கி, மற்ற பாடங்களில் தோற்றார். இடம் மாறியது, எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் மேலே என்ற தேர்வுமுறை மாறவில்லை, அவரும் மாறவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது அந்த நிபந்தனையே இல்லாத ஓர் ஏற்பாடு. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டமில்லாமலே ஆய்வு உதவித்தொகை கொடுத்தபோதுதான் அது கிடைத்தது.

மாற நினைப்பவர் தன்னை யார் பக்கம் நிறுத்துவது என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும். விரிவுரையில் உட்காரவே பிடிக்கவில்லை, எடுத்த பாடமே தனக்கு அந்நியம் என்றால் மூன்றாவது வழி. பாடம் பிடிக்கிறது, ஆனால் அந்தத் துறையில் ஆசிரியர்கள் இல்லை, ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது என்றால் இரண்டாவது வழிக்கு வலு உண்டு. தனிமை, தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை என்றால் எந்த வழிக்கும் அவசரப்படக் கூடாது. அவை பெட்டியோடு சேர்ந்து பயணம் செய்யக்கூடியவை. மாணவர்கள் ஏன் விலகுகிறார்கள் என்பதைப் பற்றி 1975இல் எழுதிய வின்சென்ட் டின்டோ, படிப்போடு ஒட்டுவது, மனிதர்களோடு ஒட்டுவது என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். எது அறுந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதி முடிவு வந்த மாதிரி. மனிதர்களோடு ஒட்டும் விஷயத்தில் மூன்றாவது வழிக்கு எதிர்பாராத ஒரு சாதகமும் உண்டு. முதலாண்டில் எல்லோருமே புதியவர்கள். நடுவில் போய்ச் சேர்பவரோ ஏற்கெனவே உருவாகிவிட்ட குழுக்களின் ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

பெயருக்காக மட்டுமே மாறுபவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான தேர்வுமுறை கொண்ட கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களை, அதே தகுதியோடு அங்கேயே படித்தவர்களோடு ஒப்பிட்டார்கள். பிற்கால வருமானத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்குப் பெரிய பெயர் உண்மையிலேயே பயன்பட்டது. அமெரிக்க ஆய்வு, எங்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பெயருக்காக இரண்டு ஆண்டை விலையாகக் கொடுக்கும் முன் நினைத்துப் பார்க்கத் தக்கது. வாரன் பஃபெட் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியான வார்ட்டனில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, பெயரில் சிறிய நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டத்தை முடித்தார். 1951இல் கொலம்பியாவில் முதுகலை பெற்றார். இரண்டாவது வழியும் நான்காவது வழியும் ஒரே ஆளிடம்.

படிப்பில் பாதிக்கு மேல் முடித்தவர்களுக்கு நான்காவது வழியைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். வேலைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் கடைசிப் பட்டத்தையும் கடைசி வேலையையும் பார்க்கிறார்கள். துறை கொஞ்சம் விலகுவதைக்கூட முதுகலை தாங்கும். இயற்பியலிலிருந்து தரவு அறிவியலுக்கும், வரலாற்றிலிருந்து சட்டத்துக்கும் போக வழி இருக்கிறது. மருத்துவம்போல இளநிலையிலேயே நுழைந்தாக வேண்டிய துறைகளுக்கு, அந்த முறை இருக்கும் நாடுகளில், இது உதவாது.

பணத்தில், கட்டணத்தைவிட உதவியின் விதிகளே ஆளைக் கவிழ்க்கின்றன. உதவித்தொகை பெரும்பாலும் நிறுவனத்தோடு கட்டப்பட்டது, கூட வராது. கல்விக் கடனைப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் அரசுக் கட்டணக் கடனுக்கான கணக்கு, படிப்பின் காலத்தோடு ஓராண்டைக் கூட்டி, முன்பு படித்த ஆண்டுகளைக் கழிப்பது. மூன்றாண்டுப் படிப்பில் ஓராண்டை விட்டு வந்தவருக்கு மூன்றாண்டுக்கும் கடன் கிடைக்கும். இரண்டாண்டை விட்டு வந்தவர் ஓராண்டுக் கட்டணத்தைத் தானே கட்ட வேண்டும். வெளிநாட்டில் படிப்பவருக்கு விசா பல நாடுகளில் சேர்ந்த பல்கலைக்கழகத்தோடு பிணைந்தது. அங்கே விலகல் கடிதம் கொடுத்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் தராசு நடுவில் நிற்கிறதா? பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், இப்படிப் பெரிய முடிவில் தத்தளிப்பவர்களுக்கு இணையத்தில் நாணயம் சுண்டிக் கொடுத்தார். 2021இல் வெளியான முடிவு: வாழ்க்கையின் பெரிய விஷயங்களில் மாற்றத்தின் பக்கம் விழுந்தவர்கள், ஆறு மாதம் கழித்துச் சராசரியாகக் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். உண்மையிலேயே இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவருக்குத்தான் இது பொருந்தும். மூன்றாண்டு முடித்துவிட்டு நான்காம் ஆண்டுத் தேர்வுக்குப் பயப்படுபவர் இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாறுவதென்று தீர்மானித்தால், விலகல் கடிதம் கடைசியில் வர வேண்டும். முதலில் இப்போதைய பாடத்திட்டத்தின் முழு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பாடப் பெயர் மட்டும் போதாது, கற்பித்த மணிநேரமும் அலகுகளும் இருந்தால்தான் ஒப்பிடுவார்கள். அடுத்துப் புதிய இடத்தின் எழுத்துப்பூர்வ மதிப்பீடு, பிறகு அனுமதிக் கடிதம். இடையில் ஓய்வாண்டு எடுக்க விதி இருந்தால் விலகுவதற்குப் பதில் அதைக் கேளுங்கள். போன இடம் சரிப்படாவிட்டால் திரும்பி வர இருக்கை இருக்கும். கட்டணத்தைத் திருப்பித் தரும் கடைசி நாள் எப்போது என்று இந்த வாரமே பாருங்கள், பல இடங்களில் அது செமஸ்டரின் தொடக்க வாரங்களிலேயே முடிந்துவிடும்.