நிக்கான் எஃப்பா, கேனான் எஃப்டியா?

பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ் வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அது டிஜிட்டல் கேமராவின் பாடியில் உட்காருமா என்பதைத்தான்.

1959-இல் வந்த எஃப் மவுண்டை, அதாவது லென்ஸை மாட்டும் வாயை, நிக்கான் டிஜிட்டல் எஸ்எல்ஆர் காலத்திலும் கைவிடவில்லை. 1977-இல் வந்த ஏஐ வகை லென்ஸை டி850 டிஜிட்டல் கேமராவில் நேராக மாட்டலாம். ஃபோகஸையும், ஒளி நுழையும் துளையின் அளவையும் லென்ஸிலேயே கையால் திருப்ப வேண்டும். ஏஐக்கு முந்தைய, மாற்றியமைக்கப்படாத லென்ஸை மட்டும் மாட்டிப் பார்க்காதீர்கள்; பாடி சேதமாகலாம்.

கேனான் கதை வேறு. 1971-இல் வந்த எஃப்டி மவுண்டை, 1987-இல் இஓஎஸ் என்ற புதிய கேமரா வரிசை வந்ததும் ஓரங்கட்டிவிட்டார்கள். எஃப்டி லென்ஸ் ஃபிலிமிலிருந்து 42 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். இஓஎஸ்ஸில் அது 44. அந்த 2 மி.மீ. வித்தியாசத்தால் தொலைவில் உள்ளவை தெளிவாக விழாது. திருத்தக் கண்ணாடி வைத்த அடாப்டர் உண்டு, ஆனால் படத்தின் தரம் குறையும். அருமையான லென்ஸ்கள் இப்படி முடங்கிக் கிடந்தது உண்மையிலேயே வருத்தம்தான்.

எஸ்எல்ஆரில் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்துதான் அவற்றை மீட்டது. சோனி இ மவுண்டில் இந்தத் தூரம் 18 மி.மீ.தான். மீதி 24 மி.மீ.க்குக் கண்ணாடியே இல்லாத வெறும் குழாய் போதும்.

அப்புறம் ஃபிலிம் பாடி. நிக்கான் எஃப்எம்2-வின் ஷட்டர் பேட்டரி இல்லாமலே இயங்கும். கேனான் ஏஇ-1 பேட்டரி தீர்ந்தால் படமெடுக்காது; எலெக்ட்ரானிக்ஸ் பழுதானால் உதிரிபாகம் தேடுவதும் கஷ்டம்.

ஃபிலிமும் டிஜிட்டலும் இரண்டும் வேண்டுமென்றால் நிக்கான். மிரர்லெஸ்ஸில் லென்ஸ் மட்டும் போதுமென்றால் எஃப்டி 50 மி.மீ. எஃப்1.4-ஐத் தயங்காமல் வாங்குங்கள், உள்ளே பூஞ்சை இல்லையென்று பார்த்துவிட்டு.