தானாகச் சுருளும் இன்ச் டேப்: இடை அளக்க எந்த அளவுக்கு நம்பலாம்?

உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, உள்ளே 150 செ.மீ. ஃபைபர்கிளாஸ் நாடா. உடம்பைச் சுற்றி நுனியைப் பெட்டிப் பள்ளத்தில் மாட்டி, பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். துணைக்கு ஆளில்லாமல் அளக்க நல்ல வசதி. தையல் டேப் முதுகுப்பக்கம் சரிவது தெரியாது; துணி டேப்பாக இருந்தால் நாளடைவில் நீண்டும்விடும்.

குறை அந்த ஸ்பிரிங்தான். வயிற்றில் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மெத்தென்றிருப்பதால் நாடா உள்ளே பதிந்து அளவைக் குறைத்துக் காட்டும். நாடாவின் இரு ஓரமும் சதை பிதுங்கினால் அந்த அளவு செல்லாது. சற்றே தளர்த்தி, தோலைத் தொட்டும் அழுத்தாமலும் இருக்கும்போது படிக்க வேண்டும்.

எங்கே அளப்பது? 'இடுப்பு' என்று பொதுவாகச் சொல்வதில்தான் குழப்பமே. இடைக்கு, பக்கவாட்டில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில். தொப்புள் அடையாளமல்ல, வயிறு தொங்கினால் அதுவும் இறங்கும். இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் படிக்கவும். பிட்டத்துக்கு, பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதிகம் புடைத்த இடம். இரண்டு முறை அளந்து 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. மாதவிலக்கையொட்டி வயிறு உப்பும் என்பதால், மாதாமாதம் சுழற்சியின் அதே நாளில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

தெற்காசியப் பெண்களுக்கு இடை 80 செ.மீ.யை எட்டினாலே கவனம் தேவை. இடையைப் பிட்டத்தால் வகுத்து 0.85 வந்தாலும் அப்படியே. உயரத்தால் வகுத்தால் 0.5க்குள் இருக்க வேண்டும்: 160 செ.மீ. உயரத்துக்கு இடை 84 என்றால் 0.525, எல்லை தாண்டியாயிற்று. எடை மெஷின் காட்டாத வயிற்றுக் கொழுப்பை இந்த ஒரு எண் காட்டிவிடும்.

டேப்போடு வரும் கொழுப்புச் சதவீத அட்டவணையை மட்டும் அவ்வளவாக நம்ப வேண்டாம். கழுத்து, இடை, பிட்டம், உயரம் நான்கையும் வைத்துப் போடும் கணக்கில் அதே உயரம், இடை 84, பிட்டம் 100, கழுத்து 33 என்றால் சுமார் 35 சதவீதம். இடையில் 2 செ.மீ. பிசகினாலே ஒரு சதவீதம் நகர்ந்துவிடும். போதாததற்கு, கழுத்து வளைவில் பெட்டி வளையாமல் தூக்கி நிற்கும். கழுத்தளவு கூடும், கொழுப்பு குறைந்ததாகத் தெரியும். கழுத்துக்கு மட்டும் சாதாரண டேப்பே மேல். பிட்டம் 150 செ.மீ.யைத் தாண்டுபவர்களுக்கு நாடா எட்டாது; 200 செ.மீ. நீளமுள்ளதைப் பார்த்து வாங்கவும்.