சின்ன ஊர் குடிநீர்த் திட்டம்: குளோரினா, யூவியா, மணல் ஃபில்டரா, ஆர்ஓவா?

நூறு இருநூறு வீடு, ஒரு கிணறோ போரோ, ஒரு டேங்க், ஒரு மோட்டார், அதைப் பாத்துக்க ஒரே ஒரு ஆபரேட்டர், அவருக்கும் இது பகுதி நேர வேலை. சின்ன குடிநீர்த் திட்டம்னா எங்க போனாலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கு. இந்த மாதிரி இடத்துக்கு எந்த சுத்திகரிப்பு முறை சரிப்படும்னு கேட்டா, மெஷின் விக்க வர்றவங்க கிருமியை எத்தனை சதவீதம் கொல்லும்னுதான் சொல்லுவாங்க. நான் முதல்ல கேக்குறது வேற: இது வேலை செய்யாம நின்னுபோனா யாருக்குத் தெரியும், எவ்ளோ சீக்கிரம் தெரியும்? அதை வச்சே குளோரின், யூவி (புற ஊதா ஒளி விளக்கு), மணல் ஃபில்டர், ஆர்ஓ (மெல்லிய சவ்வு வழியா தண்ணியை அழுத்தி உப்பைப் பிரிக்கிறது)னு நாலு முறையையும் பாத்துடலாம்.

குளோரின் பழைய ஆளு. 1908ல அமெரிக்காவுல ஜெர்சி சிட்டியில டாக்டர் ஜான் லீல் ஏற்பாட்டுல ஊர்த் தண்ணி முழுசுக்கும் தொடர்ந்து குளோரின் போட ஆரம்பிச்சாங்க, அந்த நாட்டுல அதுதான் முதல் தடவை. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் சின்ன திட்டங்களுக்கு இதைத்தான் முதல்ல சொல்றேன்னா, காரணம் அதோட கொல்ற சக்தி மட்டும் இல்ல. போட்டது போக கொஞ்சம் குளோரின் தண்ணியிலயே மிச்சம் இருக்கும், குழாய் வழியா கடைசி வீடு வரைக்கும் கூடவே போகும், வழியில ஒரு ஜாயின்ட்ல கொஞ்சம் அழுக்கு உள்ள வந்தாலும் சமாளிக்கும், எல்லாத்துக்கும் மேல அதை அளந்து பாக்கலாம். கடைசி வீட்டுக் குழாயில 10 மில்லி தண்ணி பிடிச்சு, டிபிடி மாத்திரையைப் போட்டு நசுக்கிக் கலக்கினா ரோஸ் கலர் வரும், உடனே கலர் அட்டையோட ஒப்பிட்டா அளவு தெரிஞ்சுடும், ரெண்டு நிமிஷ வேலை. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, குளோரின் கலந்து குறைஞ்சது 30 நிமிஷம் ஆனதும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும் (பிஎச், அதாவது தண்ணியோட அமில-காரத் தன்மையைக் காட்டுற அளவு, 8க்குக் கீழ இருக்கணும்), வீட்டுக் குழாயில 0.2க்குக் குறையக் கூடாது. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, குளோரின் அளவுக்கு மீறிப் போயிருந்தா ரோஸ் வந்த வேகத்துலயே வெளுத்துடும், பாக்குறவங்க குளோரினே இல்லன்னு நினைச்சு இன்னும் ஊத்திடுவாங்க. நெடி தூக்கலா அடிச்சும் கலர் நிக்கலன்னா, குளோரின் இல்லாத சுத்தமான தண்ணியில சாம்பிளைக் கலந்து நீர்க்க வச்சுத் திரும்பப் பாக்கணும்.

இந்த ரெண்டு நிமிஷ வேலையை விட்டா என்ன ஆகும்னு கனடாவுல வாக்கர்டன்ங்கற சின்ன ஊர் காட்டிடுச்சு. 2000 மே மாசம், பெரிய மழை, கிணறுங்கள்ல ஒண்ணு ஆழம் குறைஞ்சது, பக்கத்துல மாட்டுப் பண்ணை, எரு கலந்த தண்ணி உள்ள இறங்கிடுச்சு. அஞ்சாயிரம் பேர் கூட இல்லாத ஊர்ல 2,300 பேருக்கு உடம்பு சரியில்லாம போச்சு, 7 பேர் செத்துப்போனாங்க. குளோரின் கருவி இல்லாத ஊர் இல்ல அது. தினமும் எஞ்சிய குளோரினை அளக்காமலேயே பல வருஷமா நோட்டுல ஏதோ ஒரு நம்பரை எழுதிட்டு வந்திருக்காங்கன்னு விசாரணையில தெரிஞ்சது, அந்தக் கிணத்துல தானா அளந்துட்டே இருக்குற மீட்டர் இருந்திருந்தா அந்தப் பரவலையே தடுத்திருக்கலாம்னும் விசாரணை சொல்லிச்சு. அழுக்கு உள்ள வந்ததும் குளோரினை அது தின்னுடும், அளவு சட்டுனு இறங்கும், அந்த இறக்கம்தான் எச்சரிக்கை மணி. அந்த மணி அடிச்சிருக்கும், கேக்கத்தான் ஆள் இல்ல.

குளோரினுக்குக் குறையே இல்லையான்னா நிறைய இருக்கு. ப்ளீச்சிங் பவுடர் புதுசா இருக்கும்போது 30 சதவீதத்துக்கு மேல குளோரின் இருக்கும், மூட்டையைப் பிரிச்சு ஈரத்துலயும் சூட்டுலயும் போட்டு வச்சா சத்து இறங்கிட்டே போகும். 10,000 லிட்டர் டேங்குக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போடணும்னா 20 கிராம் குளோரின் வேணும், அதாவது 30 சதவீத பவுடர்ல 67 கிராம். அதே பவுடர் 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தா, அதே 67 கிராமைப் போட்டும் பாதிதான் போயிருக்கு, போட்ட ஆளுக்கோ கடமையைச் சரியா செஞ்ச திருப்தி. அதனாலதான் எவ்ளோ போட்டோம்ங்கற கணக்கை நம்பாதீங்க, குழாயில எவ்ளோ வருதுன்னு பாருங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். கலங்கல் தண்ணியில குளோரின் சரியா எடுபடாது, பிஎச் 8க்கு மேல போனா வீரியம் குறையும். கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கு, குடிநீர்ல போடுற அளவு குளோரினுக்கு அது மசியவே மசியாது, 1993ல அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல சுமார் 4 லட்சம் பேரைப் படுக்க வச்சது அதுதான், அங்க குளோரின் போட்டுட்டுத்தான் இருந்தாங்க. அப்புறம் இன்னொரு விஷயம், நிறைய ஊர்ல மோட்டார்ல இருந்து டேங்குக்குப் போற லைன்லயே முதல் ரெண்டு மூணு வீட்டுக்கு கனெக்‌ஷன் குடுத்திருப்பாங்க, குளோரின் கலக்குறது டேங்க்லன்னா அந்த வீடுங்களுக்கு வர்றது பச்சைத் தண்ணிதான், யாரும் கவனிக்கிறதில்ல.

குளோரின் போட்டா கேன்சர் வரும்னு பயப்படுறவங்க இருக்காங்க, அந்தக் கவலை சும்மா இல்ல, இலைதழை மக்கின தண்ணியில குளோரின் சேர்ந்தா ட்ரைஹாலோமீத்தேன் மாதிரி துணைப் பொருள்கள் உருவாகும். ஆனா அதுக்குப் பயந்து கிருமிநீக்கத்தைக் குறைக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே தெளிவா சொல்லியிருக்கு. தண்ணியை முன்னாடியே வடிகட்டிட்டு குளோரின் போட்டா இதுவும் குறையும்.

யூவிக்கு வருவோம். குளோரின் தோக்குற இடத்துல இது ஜெயிக்குது, கிரிப்டோஸ்போரிடியத்துக்குக் குறைஞ்ச அளவு யூவியே போதும், ருசி மாறாது, மருந்து வாங்கி ஸ்டாக் வைக்க வேணாம். கேக்க நல்லா இருக்கு, ஆனா என்னோட கேள்வியைப் போட்டுப் பாருங்க. விளக்கு சுமார் ஒரு வருஷத்துல வலு இழந்துடும், ஆனா பாக்க எரிஞ்சுட்டேதான் இருக்கும். விளக்கைச் சுத்தி இருக்குற குவார்ட்ஸ் குழாய்மேல இரும்புச் சத்தும் உப்பும் படிஞ்சா ஒளி தண்ணிக்குள்ளயே போகாது, வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு எல்லாம் சரியா ஓடுது. கரண்ட் போச்சுன்னா அந்த நேரம் போற தண்ணி அப்படியே போகும். யூவியைத் தாண்டின தண்ணியில பாதுகாப்புன்னு எதுவும் மிச்சம் இருக்காது, அதுக்கப்புறம் குழாய்ல ஓட்டை இருந்தா அவ்ளோதான். வாங்குறதா இருந்தா ஒளியோட அளவைக் காட்டுற சென்சாரும், அளவு குறைஞ்சா தானா தண்ணியை நிறுத்துற வால்வும் சேர்ந்த யூனிட்டா வாங்குங்க, அது இல்லாத மாடலை ஊர்த் திட்டத்துக்கு நான் சொல்லவே மாட்டேன். விட்டு விட்டுத் தண்ணி விடுற ஊர்ல, குழாய் காலியா இருக்குற நேரம் வெளி அழுக்கை உள்ள உறிஞ்சும், அங்க யூவி மட்டும் போதவே போதாது.

மெது மணல் ஃபில்டர் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆறு, ஏரி, ஓடைத் தண்ணி எடுக்குற ஊருக்கு இதைவிட எளிமையான ஒண்ணு கிடையாது. 1892ல ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல காலரா வந்து 8,000 பேருக்கு மேல செத்தாங்க, ஒட்டியே இருந்த ஆல்டோனாங்கற ஊர் அதே எல்பே ஆத்துத் தண்ணியை, அதுவும் ஹாம்பர்க் சாக்கடை கலந்ததுக்குக் கீழ இருந்து எடுத்துக் குடிச்சும் பெரும்பாலும் தப்பிச்சது, ஏன்னா அவங்க மணல்ல வடிகட்டினாங்க, ஹாம்பர்க் வடிகட்டல. மணலோட மேல்தட்டுல ஒரு வழவழப்பான உயிர்ப்படலம் உருவாகும், கிருமியைப் பிடிக்கிறதுல பெரும்பங்கு அதோடதுதான். தண்ணி மெதுவா, மணிக்கு 10ல இருந்து 30 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கணும். ஒரு நாளைக்கு 20,000 லிட்டர் வேணும்னா மெதுவான வேகத்துல சுமார் 8, 9 சதுர மீட்டர் தொட்டி, சுத்தம் பண்றப்போ ஓட்ட இன்னொண்ணு. இடம் இருக்குற ஊருக்கு இது பெரிய விஷயமே இல்ல.

இது கெட்டா தெரியுமா? அடைச்சுக்கிட்டா தெரியும், மேல தண்ணி ஏறி நிக்கும், வர்ற தண்ணி குறையும். அப்ப தண்ணியை வடிச்சு, மேல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் மணலை மட்டும் தட்டையான மண்வெட்டியால சுரண்டி எடுக்கணும், ஆழமா வெட்டினா உயிர்ப்படலம் திரும்ப வர ரொம்ப நாள் ஆகும். சுரண்டினதும் வர்ற முதல் தண்ணியை டேங்க்ல விடவே கூடாது, ஒரு ரெண்டு நாளாவது வெளிய விட்டுடணும். புது ஃபில்டர்னா பழகவே சில வாரம் ஆகும். சரியா பழகாத, உறைஞ்சுபோன, அவசரமா ஓட்டுற ஃபில்டர் பாக்க நல்ல ஃபில்டர் மாதிரியே இருக்கும், அங்கதான் ஆபத்து. ஆல்டோனாவுலயே அடுத்த குளிர்காலத்துல காலரா வந்தப்போ, உறைபனியில கெட்டுப்போன ஒரு ஃபில்டர்தான் காரணம்னு ஜெர்மன் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக் கண்டுபிடிச்சார். அதனால மணலுக்குப் பின்னாடி குளோரின் கட்டாயம். ரொம்பக் கலங்கலா வர்ற ஆத்துத் தண்ணின்னா மணலுக்கு முன்னாடி ஜல்லி ஃபில்டரோ தெளிய வைக்கிற தொட்டியோ வேணும், இல்லன்னா வாரத்துக்கு ஒரு தடவை சுரண்டியே ஆள் ஓஞ்சுடுவாங்க.

ஆர்ஓ பத்திச் சுருக்கமா. கிருமிக்காக ஆர்ஓ வாங்குறது தேவையில்லாத செலவு. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50, ஆர்செனிக் 0.01, இந்த அளவைத் தாண்டுற தண்ணின்னா குளோரினும் யூவியும் மணலும் உங்களைக் காப்பாத்தாது, கொதிக்க வச்சா தண்ணி ஆவியாகி இந்த உப்புங்க இன்னும் கெட்டிப்படும், அங்கதான் ஆர்ஓவுக்கு வேலை. அப்பவும் முதல்ல வேற கிணறு இருக்கான்னு பாருங்க, நல்ல தண்ணியோட கலந்து அளவைக் குறைக்க முடியுமான்னு பாருங்க. முடியாதுன்னா குடிக்க, சமைக்க மட்டும் ஒரு தனி குழாயில ஆர்ஓ வைங்க, மொத்த ஊர்த் தண்ணியையும் அதுல விட்டு ஒரு பங்கைக் கழிவா ஊத்த வேணாம். ஆர்ஓ தண்ணியில குளோரினும் இருக்காது, கேன் அழுக்கா இருந்தா உள்ளயே கிருமி வளரும்.

வீட்டுக்கு வீடு ஃபில்டர் குடுத்துடலாம்னு சிலர் சொல்றாங்க, ஒவ்வொரு வீடும் விடாம பராமரிக்கணும்ங்கறதுலயே அது அடிபட்டுடுது, அவசரத்துக்கு மட்டும் வச்சுக்கலாம்.

ஆக நான் சொல்றது இதுதான். மேல சிமென்ட் திண்ணை கட்டி நல்லா மூடின, கழிப்பறையும் தொழுவமும் தள்ளி இருக்குற ஆழமான போர், தண்ணியும் தெளிவுன்னா, டோசிங் பம்ப்போட (குளோரினை அளவா தானா கலக்குற பம்ப்) குளோரின் மட்டும் போதும். ஆறு, ஏரின்னா மணல் ஃபில்டர், பின்னாடி குளோரின். மேல்மண் தண்ணி கசியுற கிணறு, கால்நடை நிறைய, கரண்ட் நம்பகமா இருக்குன்னா சென்சார் வச்ச யூவியும் அதுக்குப் பின்னாடி குளோரினும். லேப்ல ஈகோலை (மலம் கலந்திருக்குன்னு காட்டுற கிருமி) டெஸ்ட் அவசியம்தான், 100 மில்லியில ஒண்ணு கூட இருக்கக் கூடாது, ஆனா ரிசல்ட் வர ஒரு நாள் ஆகும், அதுக்குள்ள ஊரே அந்தத் தண்ணியைக் குடிச்சிருக்கும். தினசரிக் காவலுக்கு அந்த ரோஸ் கலர்தான்.

காசு கம்மியா இருந்தா மெஷினுக்கு முன்னாடி டெஸ்ட் கிட் வாங்குங்க, மாத்திரையோட காலாவதித் தேதியைப் பாருங்க. ஆபரேட்டர் லீவ் போட்டா யார் டெஸ்ட் பண்றதுன்னு ரெண்டாவது ஆளுக்கும் சொல்லிக் குடுத்து கூட்டத்துலயே பேரை எழுதிடுங்க. கலர் வரலன்னா நோட்டுல வரலன்னே எழுதணும், அப்படி எழுதினதுக்காக அவரை யாரும் திட்டக் கூடாது, அன்னிக்கே தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்கன்னு ஊருக்குச் சொல்ற அதிகாரமும் அவர் கையிலயே இருக்கணும்.