தோல் சரக்குக்கு ரஷ்ய மொழிபெயர்ப்பு: வேலூர்ச் சேவை தேறுமா?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஸ்பெக் ஷீட்டுகளை ரஷ்ய மொழியில் செய்துகொடுக்கும் சேவை ஒன்று வேலூரில் இருக்கிறது. கடிதங்களைப் பிரமாதமாகச் செய்கிறார்கள். சோதித்துப் பார்க்க வேண்டியது ‘டேன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான்: தோல் பதனிடுவது, வெயிலில் கறுப்பது, வெளிர் பழுப்பு நிறம் மூன்றுக்கும் அது வரும்.

டேன், டேனிங், டேனர், டேனரி எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே குடும்பம். ரஷ்ய மொழியில் இந்தக் குடும்பம் சிதறிப்போகிறது. பதனிடும் வேலை ‘துப்லேனியே’. ‘துப்’ என்றால் ஓக் மரம். இங்கே ஆவாரம்பட்டை போல அங்கே ஓக் பட்டை. பட்டைக்குப் பதில் குரோம் உப்பில் பதனிட்டாலும் அதே பெயர்தான்: ‘ஹ்ரோமவயே துப்லேனியே’. ஆனால் டேனரி ‘கஜேவென்னி ஜவோத்’, தொழிலாளி ‘கஜேவ்னிக்’. இரண்டும் தோலைக் குறிக்கும் ‘கோஜா’வின் வழி வந்தவை. வெயிலில் உடம்பு கறுப்பதற்கோ ‘ஜகார்’ என்று தனிச்சொல்.

பதனிடும் வேலை, டேனரி, தொழிலாளி மூன்றிலும் இவர்கள் தவறுவதில்லை. கோட்டை விடுவது கலர் கட்டத்தில். ‘டேன்’ என்று மொட்டையாக இருந்தால் ‘ஜகார்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்தில் வேறு சொல் இல்லாததால் மொழிபெயர்ப்பு மென்பொருள் எடுக்கும் முடிவு அது. சரிபார்ப்பவர் அட்டவணைக்குள் இறங்குவதில்லை. வெளிர் பழுப்புக்கு ‘ஸ்வெத்லா கரீச்னெவி’ என்று இருக்க வேண்டும்.

கிரஸ்ட் தோலுக்கும் (பதனிட்டு உலர்த்திய, இன்னும் பினிஷ் செய்யாத தோல்) இதே கதி: தொழிலில் புழங்கும் ‘கிராஸ்த்’ வராமல், ரொட்டியின் மேலோட்டைச் சொல்லும் ‘கோர்க்கா’ வருகிறது. மேற்பரப்பு பஞ்சுபோல் இருக்கும் ஸ்வேடு தோலுக்கு ‘ஜாம்ஷா’ போடுகிறார்கள். கறாராகப் பார்த்தால் அது எண்ணெயில் பதனிட்ட தோல். நம் குரோம் ஸ்வேடுக்கு ‘வெல்யூர்’தான் சரி.

ஆகவே ஃபைலை அனுப்பும்போதே ‘டேன்’ பக்கத்தில் வெளிர் பழுப்பு என்பதையும் ஸ்வாட்ச் (கலர் மாதிரி) எண்ணையும் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் எச்.எஸ். குறியீடு (சரக்கு வகையைச் சொல்லும் சர்வதேச கஸ்டம்ஸ் எண்) இருக்கட்டும்: ஆட்டுத்தோல் கிரஸ்ட் 4106, பினிஷ்டு 4113. முதல் 6 இலக்கம் ரஷ்யாவிலும் ஒன்றேதான். விவரமும் குறியீடும் முரண்பட்டால் வாங்குபவரின் கஸ்டம்ஸ் ஏஜென்ட் திருப்பிக் கேட்பார்.

ரஷ்ய எழுத்து தெரியாதவர்களும் ‘ஜகார்’ சொல்லைப் பிடிக்கலாம். அதன் முதல் எழுத்து 3 என்ற எண்ணைப் போலவே இருக்கும். ‘டேன்’ வரியின் கலர் கட்டத்தில் அப்படித் தொடங்கும் சொல் கண்ணில் பட்டால் ஷிப்மென்ட்டுக்கு முன் கேட்டுவிடுங்கள். (‘ஜாம்ஷா’வும் அதே எழுத்துதான், ஆனால் அது தோல் வகைக் கட்டத்தில் வரும்.)

ஷூ லேபிளைத் தயங்காமல் கொடுக்கலாம். மேல்பாகம், லைனிங், சோல் மூன்றும் சுத்தமாக வருகின்றன. பி.டி.எஃப். மட்டும் வாங்காமல் வேர்ட் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள், திருத்திய சொற்களை அடுத்த ஆர்டரோடு சேர்த்து அனுப்பலாம்.